மருதானையில் ஒரு பாடசாலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் அமைத்த ஆண்கள் பாடசாலையான ஸாஹிராக் கல்லூரியைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பை வாசித்தவர்கள் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் அனுப்பியிருந்தனர். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாக்கி இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொழும்பில் றோயல் கல்லூரியும் மிஷன் பாடசாலைகளும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க, முஸ்லிம்கள் தமக்கென்று ஓர் ஆண்கள் பாடசாலையை ஏன் அமைக்க வேண்டியிருந்தது? (கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியர்)

அக்காலத்துப் பாடசாலைகள் யார் கையில் இருந்தன என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1835இல் தோன்றிய றோயல் கல்லூரி அரசாங்கத்தினுடையது. அங்கே சேர்வதற்குக் கட்டணம் கட்டும் வசதியும், வீட்டிலேயே ஓரளவு ஆங்கிலம் பழகும் சூழலும் வேண்டியிருந்தன. 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கிய புனித தோமையர் கல்லூரி அங்கிலிக்கன் திருச்சபையினுடையது. 1874இல் தொடங்கிய வெஸ்லி கல்லூரி மெதடிஸ்த திருச்சபையினுடையது. சட்டம், மருத்துவம், அரச சேவை ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலக் கல்வியே வாசலாக இருந்த காலம் அது. அந்த வாசலின் திறவுகோல் பெரும்பாலும் மிஷனரிமாரிடம் இருந்தது.

தம் பிள்ளைகளை மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் அவர்கள் மார்க்கத்தை விட்டுவிடுவார்கள் என்று முஸ்லிம் பெற்றோர் அஞ்சினார்கள். இந்த அச்சத்தை அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. மதமாற்றம் தம் நோக்கங்களுள் ஒன்று என்பதை மிஷனரிமார் மறைத்ததில்லை, ஆகவே பெற்றோரின் அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது. ஆனால் அந்த அச்சத்துக்காகக் கொடுத்த விலை மிகப் பெரியது. பையன்கள் குர்ஆன் ஓதவும் அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதவும் கற்ற கையோடு கடைக்கு அனுப்பப்பட்டார்கள். வணிகத்தில் செழித்த ஒரு சமூகத்தில் வழக்கறிஞரும் மருத்துவரும் அரச அலுவலரும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்தார்கள்.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் நேர்ந்த இக்கட்டு அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். பௌத்தர்கள் 1886இல் புறக்கோட்டையில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே பின்னாளில் மருதானைக்கு இடம்பெயர்ந்து ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபையின் முயற்சியால் 1890இல் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. 1892இல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டிய நிலத்தில் ஸாஹிரா தோன்றியது. மூன்று சமூகங்கள் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: ஆங்கிலக் கல்வியை விலக்கிவைக்க முடியாது, ஆகவே அதைத் தாமே நடத்துவோம் என்பதே அந்த முடிவு.

கேள்வி: ஸாஹிராவின் நிறுவுநர் யார்? சிலர் சித்திலெப்பை என்கிறார்கள், சிலர் வாப்பிச்சி மரிக்கார் என்கிறார்கள், வேறு சிலர் எகிப்தின் அரபி பாஷாவின் பெயரைச் சொல்கிறார்கள். (பேருவளையிலிருந்து ஒரு வாசகர்)

மூவரையும் சொல்வதே நியாயம், ஏனெனில் மூவரும் செய்தது ஒரே வேலை அன்று.

கண்டியில் 1838இல் பிறந்த எம்.சி. சித்திலெப்பை தொழிலால் வழக்கறிஞர். நல்ல வருமானம் தந்த அத்தொழிலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, 1882இன் இறுதியில் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். கல்வியில் பின்தங்கினால் சமூகத்துக்கு எதிர்காலம் இல்லை என்பதை அதில் இடைவிடாமல் எழுதினார். எழுத்தோடு நிற்காமல் 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலையையும் திறந்தார். அது நீடிக்கவில்லை. அந்த முயற்சி தளர்ந்தபோது அவர் சோர்ந்து ஒதுங்கியிருந்தால் மருதானையில் எதுவும் எழுந்திருக்காது என்று நான் நம்புகிறேன். கருத்தைப் பத்தாண்டுகள் விடாமல் சுமந்தவர் என்ற வகையில் அவருக்கே முதலிடம் தருவேன்.

அரபி பாஷா பிரித்தானியரை எதிர்த்துத் தோற்று, 1883 சனவரியில் தம் தோழர்களுடன் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்தார். நாட்டை இழந்து வந்த அந்தத் தளபதியை இங்குள்ள முஸ்லிம்கள் மிகுந்த மரியாதையோடு வரவேற்றார்கள். மார்க்கப் பற்றுக்கும் நவீனக் கல்விக்கும் பகை இல்லை என்பதைச் சித்திலெப்பை எழுதியபோது நம்பத் தயங்கியவர்கள்கூட, அதே கருத்தை அரபு நாட்டுப் பெருந்தலைவர் ஒருவர் வாயால் கேட்டபோது நம்பினார்கள். 1901இல் தாயகம் திரும்பும்வரை அவருடைய ஆதரவு இந்தப் பணிக்கு இருந்தது.

வாப்பிச்சி மரிக்கார் கட்டட ஒப்பந்தக்காரர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தைக் கட்டியவர் அவரே. அதற்குப் பரிசாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மருதானைப் பள்ளிவாசலின் நிருவாகத்தோடு நெருங்கியிருந்த அவர் தம் பொருளையும் கட்டட அறிவையும் செல்வாக்கையும் பாடசாலைக்குக் கொடுத்தார். 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி 'அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா' திறக்கப்பட்டது. கருத்து ஒருவருடையது, மதிப்பு இன்னொருவருடையது, கல்லும் சுண்ணாம்பும் மூன்றாமவருடையது. இவர்களோடு பெயர் தெரியாமல் போன வணிகர்களும் பள்ளிவாசல் ஜமாஅத்தாரும் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊரிலும் ஸாஹிராக் கல்லூரி இருக்கிறது. கொழும்புப் பாடசாலையின் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது? (கம்பளையிலிருந்து ஒரு மாணவர்)

அது அதிபர் டி.பி. ஜாயாவின் காலத்தில் வந்தது. 1890இல் கலகெதரையில் பிறந்த ஜாயா மலாய் இனத்தைச் சேர்ந்த முஸ்லிம். 1921இல் அவர் பொறுப்பேற்றபோது ஸாஹிராவில் அறுபதுக்கும் குறைவான மாணவர்களே இருந்தார்கள். தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன ஒரு பாடசாலையில் அவ்வளவு பேர்தான் இருந்தார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். திறப்பு விழாவுக்கும் அதன் பிறகான முப்பது ஆண்டுகளுக்கும் உள்ள தூரத்தை நம் நூற்றாண்டு மலர்கள் அநேகமாகத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. பொருள் தேடுவதும், தகுதியான ஆசிரியரைத் தேடுவதும், கடைக்கு அனுப்பக் காத்திருக்கும் தகப்பனிடம் இன்னும் ஒரு வருடம் படிக்கவிடுங்கள் என்று கேட்பதும் எந்த மலரிலும் படமாக வருவதில்லை.

ஜாயா 1948 வரையில் அதிபராக இருந்தார். அக்காலத்திலேயே சட்டநிருபண சபையிலும் பின்னர் அரசாங்க சபையிலும் உறுப்பினராக இருந்து, 1947இல் அமைச்சராகவும் ஆனார். 1940களில், தலைநகரில் மட்டும் ஒரு நல்ல பாடசாலை இருந்தால் போதாது என்று கருதி, வெளியூர்களில் ஸாஹிராவின் கிளைகளைத் திறந்தார். கம்பளையும் அளுத்கமையும் புத்தளமும் மாத்தளையும் இவ்வாறு பெயர் பெற்ற ஊர்கள். பின்னர் அவை தனித்தனிப் பாடசாலைகளாக வளர்ந்தன.

ஜாயாவைப் பற்றி நான் அதிகம் மதிக்கும் செய்தி ஒன்று உண்டு. ஸாஹிராவுக்கு வருவதற்கு முன்னர் அவர் அதே மருதானையில் இருந்த ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பௌத்தர்கள் தமக்கென அமைத்த பாடசாலையில் ஒரு முஸ்லிம் இளைஞர் கற்பித்தார். அங்கே ஒரு சமூகப் பாடசாலை எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை உள்ளிருந்தே கண்டார். பிறகு தம் சமூகத்தின் பாடசாலையைக் கட்டியெழுப்பினார்.

கேள்வி: பேராசிரியர் கா. சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தவர் என்று வாசித்தேன். கரவெட்டியைச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் முஸ்லிம் கல்லூரிக்கு எப்படிச் சென்றார்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பட்டதாரி மாணவி)

நீங்கள் வாசித்தது சரியே. கரவெட்டி விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்த சிவத்தம்பி, உயர்வகுப்புக் கல்விக்கு ஸாஹிராவுக்கு வந்தார். பேராதனையில் பட்டம் பெற்ற பிறகு சில காலம் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். இதை விளங்கிக்கொள்ள அக்காலத்து அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸை அறிய வேண்டும். இந்தக் கேள்விக்கு நான் சற்று நீளமாக எழுதுவதை மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன் பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். சைவர்கள் தம் பிள்ளைகளுக்காக அமைத்த பாடசாலைகளே இந்த முஸ்லிம் சிறுவனுக்குத் தமிழ் கற்பித்தன. 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அந்நாளில் அதைவிட உயர்ந்த பதவியை ஓர் இலங்கை இளைஞன் கனவு காண்பது அரிது.

1942இல், யுத்த காலத்து உணவுத் தட்டுப்பாட்டின்போது, உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்காகச் சென்றவர் அங்கே வேறொரு பஞ்சத்தையும் கண்டார். கூர்மையான பிள்ளைகள் வறுமையால் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு நின்றுபோவதைப் பார்த்தார். அங்கேதான் விபுலாநந்த அடிகளோடு அவருடைய நட்பும் உறுதிப்பட்டது. கிழக்கு மாகாணத்தில் சாதி மத வேறுபாடின்றிக் கல்விக்காக உழைத்த அந்தத் துறவியின் தாக்கம் அஸீஸின் எழுத்திலும் செயலிலும் இறுதிவரை தெரிந்தது. 1945இல் அவர் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல் சிவில் சேவையிலிருந்து விலகி, ஜாயாவின் இடத்துக்கு ஸாஹிராவின் அதிபராக வந்தார். அதிகாரமும் ஓய்வூதியமும் உறுதியாகக் கிடைக்கும் உயர்பதவியைத் துறந்து, மாதாமாதம் சம்பளப் பணத்துக்கே கணக்குப் பார்க்க வேண்டிய ஒரு பாடசாலைக்கு ஒருவர் வருவதை இன்று நம் காலத்தில் எத்தனை பேர் செய்வார்கள் என்று தெரியவில்லை.

அவர் அதிபராக இருந்த காலம் இலங்கையில் மொழிப் பிரச்சினை கனன்ற காலம். முஸ்லிம் பிள்ளைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றில் ஒன்றைப் போதனாமொழியாகத் தெரிந்தெடுக்கலாம் என்று அரசு இடம் கொடுத்திருந்ததால், எதைத் தெரிந்தெடுப்பது என்ற விவாதம் சமூகத்துக்குள்ளேயே எழுந்தது. தமிழே இலங்கை முஸ்லிம்களின் தாய்மொழி, அதைக் கைவிட்டால் பல நூற்றாண்டு இலக்கிய மரபும் மார்க்க நூல்களும் பிள்ளைகளுக்கு எட்டாமல் போய்விடும் என்று அஸீஸ் வாதாடினார். சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச் சிங்களக் கொள்கையை ஐக்கிய தேசியக் கட்சி ஏற்றபோது, செனட்டராக இருந்த அவர் அக்கட்சியிலிருந்து விலகினார்.

அப்படிப்பட்ட ஒருவர் நடத்திய கல்லூரியில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் இருந்திருக்க முடியாது. பல்கலைக்கழகப் புகுமுக வகுப்புகளை வலுப்படுத்துவதற்காக, சமயம் பாராமல் திறமையான ஆசிரியர்களை அழைத்தார். மாணவர்களையும் அவ்வாறே சேர்த்தார். கொழும்பில் தங்கிப் படிக்க வேண்டியிருந்த தமிழ் மாணவர்களுக்கு அது ஒரு நல்ல இடமாக அமைந்தது. யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகள் அஸீஸுக்குக் கொடுத்ததை அவருடைய ஸாஹிரா யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஸாஹிராவின் வரலாற்றில் மிகச் சிறந்த காலம் எது என்று என்னைக் கேட்டால், 1948 முதல் 1961 வரையுள்ள இந்தப் பதின்மூன்று ஆண்டுகளையே சொல்வேன்.

கேள்வி: பையன்களுக்காக இவ்வளவு உழைத்தவர்கள் பெண்பிள்ளைகளை மறந்துவிட்டார்களே? (கண்டியிலிருந்து ஒரு வாசகி)

எல்லோரும் மறந்துவிடவில்லை. சித்திலெப்பை பெண்கல்வியை வற்புறுத்தியவர். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை முயற்சியில் அவருடைய சகோதரியும் துணைநின்றார். ஆனாலும் உங்கள் கேள்வியில் இருக்கும் வருத்தம் முற்றிலும் நியாயமானது. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல்தான் திறக்கப்பட்டது. ஸாஹிராவுக்கும் அதற்கும் இடையில் 54 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் இரண்டு தலைமுறைப் பெண்கள் தம் சகோதரர்கள் புத்தகப்பையோடு போவதைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தார்கள். பணம் இல்லாததால் வந்த தாமதம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். மாளிகைகளையும் பள்ளிவாசல்களையும் கட்டப் பணம் இருந்த சமூகத்தில் அந்தச் சமாதானம் எடுபடாது. விருப்பம் இல்லாததே காரணம். மகளிர் கல்லூரிக்கு நிலமும் ஆதரவும் தேடியவர் சேர் ராசிக் பரீத். முதல் அதிபராக வந்த ஆயிஷா ரவூப் கேரளத்தில் பிறந்து வளர்ந்தவர். இங்கே அத்தகைய பதவிக்குப் படித்த பெண்களை நாம் உருவாக்கத் தவறியிருந்தோம் என்பதை அதிலிருந்தே அறியலாம்.

கேள்வி: ஸாஹிரா அரச பாடசாலையா, தனியார் பாடசாலையா? (தெகிவளையிலிருந்து ஒரு தந்தை)

இரண்டுக்கும் இடைப்பட்டது. அரச உதவியோடு, சமூகத்தவர் இடம்பெறும் ஆளுநர் சபையின் நிருவாகத்தில் நடக்கிறது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வகுப்புகள் உண்டு. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசின் பொறுப்பில் கொண்டுவந்த 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் இலங்கையின் சமூகப் பாடசாலைகள் அனைத்தும் பெரிய குலுக்கலுக்கு உள்ளாயின. ஏழைப் பிள்ளைக்கும் ஒரே தரமான கல்வி என்ற அந்தச் சட்டங்களின் நோக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆயினும், எங்கள் பாடசாலை என்று சொல்லிப் பணமும் உழைப்பும் கொடுத்துவந்த ஊர்மக்கள் பல இடங்களில் இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று விலகிக்கொண்டதும் அதன் பின்னரே நடந்தது. சேர்க்கை விதிகளைப் பற்றி நீங்கள் தனியே கேட்டிருந்தீர்கள். அவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் கல்லூரி அலுவலகத்திலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: இப்படிச் சமூகத்துக்கொரு பாடசாலை என்று அமைத்ததால்தானே பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்தார்கள்? (மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர்)

ஓரளவுக்கு ஆம். தன் சமயத்தவரை மட்டுமே வகுப்பில் கண்டு வளர்ந்த பிள்ளை, மற்றவரைப் பற்றி வீட்டில் கேட்டதையே உண்மை என்று நம்பிவிடும் அபாயம் மெய்யானது. அதனை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பிரிவினைக்கு இந்தப் பாடசாலைகளே காரணம் என்று சொல்வதற்கு முன், மேலே எழுதியவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்படி கேட்கிறேன். ஜாயா ஆனந்தாவிலிருந்து வந்தார். அஸீஸ் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலிருந்து வந்தார். சிவத்தம்பி ஸாஹிராவிலிருந்து சென்றார். தம் காலிலே உறுதியாக நின்ற பாடசாலைகள் மற்றவர்களை உள்ளே விட அஞ்சவில்லை. பின்னாளில் போதனாமொழியே பிள்ளைகளை வெவ்வேறு வகுப்பறைகளுக்குப் பிரித்தது. அரச பாடசாலைகளிலும் அது நடந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் சிங்கள மொழி வகுப்பு மாணவனும் தமிழ்மொழி வகுப்பு மாணவனும் பேசிக்கொள்ள முடியாத நிலைமைக்குச் சமூகப் பாடசாலைகளைக் குற்றம் சொல்வது பொருந்தாது. ஆகவே உங்கள் கவலையை இன்றைய நிருவாகிகளிடம் இரண்டு கேள்விகளாகக் கொண்டுசெல்லுங்கள்: வேறு சமூகத்து ஆசிரியர்கள் எத்தனை பேர் உங்களிடம் கற்பிக்கிறார்கள்? வேறு சமூகத்துப் பிள்ளை விண்ணப்பித்தால் என்ன பதில் சொல்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஓரளவு பணம் சேர்ந்திருக்கிறது. நுழைவாயில் கட்டுவதா, புலமைப்பரிசில் கொடுப்பதா என்று கருத்து வேறுபாடு. தங்கள் ஆலோசனை என்ன? (மாத்தளையிலிருந்து ஒரு செயலாளர்)

நுழைவாயில் வேண்டாம். 1945இல் அஸீஸ் நிறுவிய நிதி கட்டடங்களுக்கென்று தொடங்கப்பட்டதன்று. படிக்கக்கூடிய பிள்ளை பணமில்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தொடங்கப்பட்டது. நீங்களும் அந்த வழியில் செல்லலாம். ஒரே தடவையில் பலருக்குச் சிறு தொகையைப் பிரித்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, சாதாரண தரம் முடித்த சிலரை மட்டும் தெரிந்தெடுத்து, உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை மாதாமாதம் உதவுங்கள். உதவி பெறுபவரின் பெயரை மேடையில் அறிவிக்காதீர்கள். தெரிவுக் குழுவில் சங்க உறுப்பினர்களோடு அவர்களைக் கற்பிக்கும் வகுப்பாசிரியர் ஒருவரும் இருக்கட்டும், ஏனென்றால் எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.